‘நல்ல மழையா?’ என்று கேட்ட முதலாளி

வைக்கோல் வண்டியை மேடையாக்கி, அந்த மேடையில் வீற்றிருந்து, வீற்றிருந்தும் என் முகத்தைப் பார்க்க மறுத்து, காலடியில் கட்டி வைத்த பெட்டியோடு காட்சி தரும் விழாத் தலைவி, என் உடன்பிறந்த தங்கை டார்கஸ் டக்வெல் அவர்களே!

மேடைக்கு இருபதடி தள்ளி, தன் சொந்தக் கடையின் ஜன்னலுக்கு வெளியே, எட்டு மாதமாக வேர்விட்ட ஓக் மரம்போல் நின்றுகொண்டிருக்கும் என் மாப்பிள்ளை, நொண்டி வாத்து என்னும் இந்த மாபெரும் மதுவகத்தின் பதினோராவது முதலாளி கில்பர்ட் டக்வெல் அவர்களே!

முன்வரிசையில் அமர்ந்து, நான் வாயைத் திறக்கும் முன்பே பின்னல் ஊசியைத் திறந்துவிட்ட தாய்மார்களே! நான் பேசி முடிப்பதற்குள் ஒரு முழு ஸ்வெட்டர் தேறிவிடும் என்று கணித்த உங்கள் தொலைநோக்கை வணங்குகிறேன். தொண்ணூறைத் தாண்டியும் நாற்காலி வேண்டாம், சாய்ந்துகொள்ள ஒரு பீப்பாய் போதும் என்று நிற்கும் பெரியோர்களே! நாய்களை அழைத்து வந்திருக்கும் நண்பர்களே! நண்பர்களை அழைத்து வந்திருக்கும் நாய்களே! பேருந்துக்குக் காத்து நின்று, ‘இங்கே என்ன கூட்டம்?’ என்று எட்டிப் பார்த்து, தப்பிக்க வழியில்லாமல் மாட்டிக்கொண்ட வெளியூர் அன்பர்களே! பக்கிள்போர்ன் கிராமத்துக்கு முப்பத்தோரு வருடம் தபால் சுமந்தவனும், மூன்று தலைமுறை நாய்களிடம் கடிபட்டவனுமாகிய ஆம்ப்ரோஸ் லீச், உங்கள் அனைவருக்கும் என் பணிவான, பலமான, பழுதில்லாத வணக்கத்தைத் தெரிவித்துக்கொள்கிறேன்.

இந்த முற்றத்துக்குக் கூரை கிடையாது. ஆகவே துணிந்து சொல்கிறேன்: இன்று நல்ல வெயில்!

பாருங்கள், பாருங்கள்! எத்தனை முகம் மலர்கிறது! அந்தக் கடைசி வரிசைக்காரர் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார். வெளியூர் அன்பர்கள் மட்டும் விழிக்கிறார்கள். பொறுங்கள் ஐயா, விளங்கும்.

இன்று என்ன நாள்? ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து மூன்று, ஜூன் பதினைந்து. டார்கஸும் கில்பர்ட்டும் கைப்பிடித்து இருபத்தைந்து வருடம் நிறையும் வெள்ளிவிழா நாள். உள்ளே மேஜை போட்டாகிவிட்டது. பன்றித் தொடை வறுத்தாகிவிட்டது. அதன் வாசனையால் இங்கே பாதிப் பேர் என் பேச்சைக் கேட்கவில்லை என்பதும் எனக்குத் தெரியும். மேஜைக்கு இரண்டு தலைமை நாற்காலி. ஒன்றில் உட்கார ஆள் இருக்கிறது. மற்றொன்றில் உட்கார வேண்டியவர் ஜன்னலுக்கு வெளியே நிற்கிறார். நேற்று அவர் மனைவியிடம் என்ன சொன்னார் தெரியுமா?

“டார்கஸ், மேஜையைக் கொஞ்சம் ஜன்னல் பக்கமா நகத்திப் போட்டுடு. நான் வெளியில நின்னே சாப்பிட்டுக்கறேன். குழம்பு மட்டும் சிந்தாம நீட்டு, போதும்.”

என் தங்கை என்ன சொன்னாள்? “யோவ், நான் சர்ச்சுல ஒரு மனுஷனைக் கட்டிக்கிட்டேன். ஜன்னல்ல மாட்டின படத்தைக் கட்டிக்கல. நாளைக்கு நாலரை மணி பஸ் வர்றதுக்குள்ள நீ என் பக்கத்துல வந்து உக்காரணும். இல்லேன்னா நான் வெஸ்டன்ல அக்கா வீட்டுக்குப் போறேன். கடுதாசி போட்டுக் கூப்பிடலாம்னு நெனைக்காதே. எங்கண்ணன் தபால்காரன், அவன் அதைத் தொலைச்சுருவான்.”

அது ஒன்றுதான் அநியாயம். முப்பத்தோரு வருடத்தில் நான் நானூறு கடிதத்துக்கு மேல் தொலைத்ததில்லை.

மணி இப்போது நாலு ஐந்து. பேருந்து வர இருபத்தைந்து நிமிடம் இருக்கிறது. அதற்குள் இந்த மனிதர் தன் மனைவியின் பக்கத்தில் உட்கார்வாரா, மாட்டாரா? இதுதான் கேள்வி. இதற்குப் பதில் சொல்லத்தான் என்னை மேடையேற்றினீர்கள். பதில் சொல்ல வேண்டுமானால் இந்த வீட்டின் வரலாற்றைச் சொல்ல வேண்டும். “சுருக்கமாச் சொல்லு!” என்று யாரோ கத்துகிறார்கள். சுருக்கமாகத்தான் சொல்லப்போகிறேன். முந்நூறு வருடத்தை இருபது நிமிடத்தில் சொல்பவனைப் பார்த்துச் சுருக்கு என்பவன் மனிதனா, கடிகாரமா?

கேளுங்கள். நொண்டி வாத்தில் ஒரு வழக்கம். ஒரு முதலாளிக்கு ஒரே ஒரு சட்டம். பீர் ஊற்றும் கவுண்டருக்கு மேலே, வைக்கோல் கூரையைத் தாங்குகிற அந்தக் கரிய உத்தரத்தில், ஒவ்வொரு முதலாளியும் தன் காலத்தில் ஒரே ஒரு வரி எழுதலாம். எழுதியதை யாரும் அழிக்க முடியாது. அரசன் வந்தாலும் முடியாது, ஆண்டவன் வந்தாலும் கேட்டுவிட்டுத்தான் செய்ய வேண்டும். சட்டத்தை மீறியவனை வெளியேற்றுபவரும் முதலாளி, மன்னித்து உள்ளே விடுபவரும் முதலாளி. உத்தரத்தில் பதினோரு வரி இருக்கிறது. பயப்படாதீர்கள், நான் மூன்றுதான் சொல்வேன்.

முதல்வர் பார்னபி க்ரௌச். முந்நூற்றுப் பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால், நாடாளுமன்றம் மன்னரின் தலையை வெட்டி இரண்டு வருடம் ஆகியிருந்த நேரம். பார்னபி எப்படிப்பட்டவர்? அவர் மூச்சை இழுத்தால் அடுத்த ஊரில் கதவு சாத்திக்கொள்ளும். அவர் உட்கார்ந்த இடத்தில் அப்புறம் புல் முளைத்ததில்லை. முளைக்க நினைத்த புல்லும் வேறு மாவட்டத்துக்குப் போய்விட்டது. கடை கட்டுவதற்காக இந்த இடத்தில் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்தார். கொத்தனார் வந்தார்.

“ஐயா, கொஞ்சம் எழுந்திருச்சீங்கன்னா சுவர் வெச்சுருவேன்.”

“எழுந்திருக்கவா கடை போடறேன்? என்னைச் சுத்தி வைப்பா!”

வைத்தார்கள். சுற்றிலும் சுவர் வைத்தார்கள், மேலே கூரை போட்டார்கள், கடைசியில் பார்த்தால் வாசலைவிட முதலாளி அகலம்! இருபத்தொன்பது வருடம் அவர் வெளியே வரவில்லை. வரமுடியவில்லை என்பது எதிரிகள் பரப்பிய வதந்தி. பெயர்ப் பலகையில் வாத்து வரைய வந்த ஓவியருக்கு, காலுக்கு ஒரு பைன்ட் பீர் என்று பேச்சு. ஓவியர் கெட்டிக்காரர், இரண்டு காலுக்கும் உண்டானதை முதலிலேயே வாங்கிக் குடித்துவிட்டு ஒரு காலை வரைந்தார். மற்ற கால் வரையும்போது தூரிகை எந்தப் பக்கம் என்றே அவருக்குத் தெரியவில்லை. இப்படியாக நமக்கு வாத்தும் கிடைத்தது, நொண்டியும் கிடைத்தது. பார்னபியின் சட்டம் உத்தரத்தில் இருக்கிறது: ‘குதிரை உள்ளே வரலாம். குதிரைக்காரன் காலைத் துடைத்துக்கொண்டு வரவேண்டும்.’

நூறு வருடம் கழித்து விதவை தாமசின் கான்ட் வந்தார். தாய்மார்களே, கைதட்டுங்கள்! ஒற்றைக் கையால் பீப்பாயைத் தூக்கி, மற்ற கையால் வரி வசூல்காரரைத் தூக்கி, இரண்டில் எது கனம் என்று ஊருக்கே சொன்ன வீராங்கனை. அவர் எழுதிய சட்டம்: ‘இங்கே யாரும் யாரையும் பெயர் கேட்கக் கூடாது.’ எவ்வளவு சின்ன வரி! அதனால் விளைந்தது எவ்வளவு பெரிய அமைதி! இந்த வட்டாரத்து ஷெரீப்பும், இந்த வட்டாரத்து வழிப்பறிக் கொள்ளைக்காரனும், ஒரே மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்து பதினோரு வருடம் டாமினோ ஆடினார்கள். பெயர் கேட்கக் கூடாதே! ஷெரீப் தினமும் புலம்புவார்: “அந்தப் பய நேத்தும் தப்பிச்சுட்டான்யா.” எதிரில் இருப்பவர் ஆறுதல் சொல்வார்: “மனசை விடாதீங்க. உங்க உடம்பு என்னத்துக்கு ஆகும்?” கடைசியில் ஷெரீப் பதவி ஓய்வு பெறும் நாள் வந்தது.

“எனக்கு ஒரே ஒரு குறைதான்யா. அவனைப் பிடிக்காமலே போறேன்.”

“வருத்தப்படாதீங்க. அவனும் இந்த வருஷத்தோட தொழிலை விட்டுர்றான்.”

“உமக்கு எப்படித் தெரியும்?”

“முழங்கால் வலிக்குதுங்க.”

ஷெரீப் அவரை நிமிர்ந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு டாமினோவை நகர்த்தி வைத்து, “உங்க முறை” என்றார். அன்பர்களே, இதைவிட உயர்ந்த நாகரிகம் எந்த அரண்மனையில் உண்டு? எந்த நீதிமன்றத்தில் உண்டு? எந்த நாடாளுமன்றத்தில் உண்டு?

இப்போது மூன்றாமவர். தொப்பியைக் கழற்றுங்கள், அல்லது இறுக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒபதாயா ஃபஸல்! எண்பது வருடத்துக்கு முன்னால், முப்பத்து மூன்று வருடம் கலங்கரை விளக்கத்தில் வேலை பார்த்துவிட்டு இங்கே வந்து கடையை வாங்கியவர். அங்கே அவர் வேலை என்ன? மணிக்கு ஒரு தடவை வெளியே எட்டிப் பார்த்து, காற்று எப்படி, மழை எப்படி, மூட்டம் எப்படி என்று எழுதுவது. முப்பத்து மூன்று வருடம்! கனவிலும் எழுதினாராம். திருமணப் பதிவேட்டில் கையெழுத்துப் போடச் சொன்னபோது ‘வடமேற்கு, மிதம்’ என்று எழுதினாராம். அப்படிப்பட்டவர் ஒரே ஒரு ஆசையோடு இங்கே வந்தார்: இனி என் வாழ்நாளில் யாரும் என்னிடம் வானிலையைப் பற்றிப் பேசக் கூடாது.

ஐயோ, பாவம்! அவர் வந்து சேர்ந்த நாடு எது?

முதல் நாள் முதல் ஆள் உள்ளே வந்தார். “நல்ல வெயில்ல?” என்றார். இரண்டாம் ஆள் வந்தார். “சாயங்காலம் மாறிடும் பாருங்க” என்றார். மூன்றாம் ஆள், “போன வருஷம் இதே நாள் இப்படி இல்ல” என்றார். ஒபதாயா பல்லைக் கடித்துப் பொறுத்தார். நாலாயிரமாவது ஆள் வந்து “சில்லுனு இருக்கே” என்றபோது, ஏணியைப் போட்டு உத்தரத்தில் ஏறினார். எழுதினார்: ‘இந்தக் கூரையின் கீழ் வானிலையைப் பற்றிப் பேசுபவன் ஒரு வருடம் ஒரு நாள் வெளியே.’

அன்று மாலை இந்தக் கடையில் நிலவிய அமைதியை நினைத்துப் பாருங்கள்! பேச்சை எங்கே தொடங்குவது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. இரண்டு சகோதரர்கள் எதிரெதிரே உட்கார்ந்து மீன்போல வாயைத் திறந்து திறந்து மூடினார்கள். ஒருவர் தன் மனைவியின் கண் என்ன நிறம் என்பதையே முதன்முறையாகக் கவனித்தார். மூன்று மணி நேரம் கழித்துத்தான் ஒரு மேதைக்கு வழி தோன்றியது: பைன்ட்டை மேஜையில் வைத்தார், எழுந்தார், வாசலைத் தாண்டி முற்றத்தில் நின்றார், “மூட்டமா இருக்கு!” என்று வானத்தைப் பார்த்துச் சொன்னார், திரும்ப வந்து உட்கார்ந்தார். கடை முழுக்க ஆனந்தப் பெருமூச்சு! அன்றிலிருந்து இன்றுவரை நாம் அப்படித்தானே செய்கிறோம்? எழுந்து போய்ச் சொல்லிவிட்டு வருகிறோம். போய்ப் போய் வந்து வந்து வாசற்படிக் கல் தேய்ந்து நாலு தடவை மாற்றியாகிவிட்டது. லண்டனிலிருந்து வந்த சோப்பு விற்பனையாளர் ஒருவர் உள்ளே தாக்குப்பிடித்தது பதினோரு வினாடி. கழுத்துப்பட்டியைத் தூக்கிவிட்டுக் குளிர் என்று ஜாடை காட்டியவரும் வெளியே போனார். தும்மியவர் வழக்கு இரண்டு வாரம் நடந்தது.

வெளியூர் அன்பர்களே, இப்போது விளங்குகிறதா? விளங்குகிறது. தலையாட்டுகிறார்கள்.

வருகிறேன், வருகிறேன், கதைக்கு வருகிறேன். போன அக்டோபர். வெளியே வானம் பொத்துக்கொண்டு ஊற்றுகிறது. கடையில் நாற்பது பேர், ஒருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. அவ்வளவு மழையிலும் பேசாமல் இருக்கிற கட்டுப்பாடு, அது ராணுவத்தில்கூட இல்லை. கவுண்டரில் கில்பர்ட். கதவு திறக்கிறது. யாரென்று தெரியாத ஒரு பெண், கையில் குழந்தை, தலை முதல் கால் வரை சொட்டச் சொட்ட நனைந்து உள்ளே வருகிறார். கில்பர்ட் நிமிர்கிறார். இந்தச் சட்டத்தைப் பதினெட்டு வருடம் காத்த மனிதர். தாட்சண்யமே பார்க்காத மனிதர். அவர் வாயிலிருந்து தானாக வருகிறது:

“அடடா, இப்படி நனைஞ்சுட்டீங்களே! வெளியில நல்ல மழையா?”

அவ்வளவுதான்! சுவர்ப் பலகையை நோக்கி எறிந்த விளையாட்டு அம்பு பாதி வழியில் நின்று திரும்பிப் பார்த்தது. கணப்பில் எரிந்த கட்டை தானாக அணைந்து ஒதுங்கிக்கொண்டது. நாய்கள் எழுந்து நின்றன. நான் அங்கே இருந்தேன். என் நெஞ்சு அடித்துக்கொண்ட சத்தத்தை யாரோ கதவு தட்டுகிறார்கள் என்று நினைத்துப் போய்த் திறந்தார்கள்.

கில்பர்ட் என்ன செய்தார்? அந்தப் பெண்ணுக்குத் துண்டு கொடுத்தார். கணப்பருகே நாற்காலி போட்டார். சூப் எடுத்து வைத்தார். பிறகு ஈரத் துணியை மடித்துக் கவுண்டரில் வைத்துவிட்டு, தன் பெயரைத் தானே கூப்பிட்டார்: “கில்பர்ட் டக்வெல். ஒரு வருஷம், ஒரு நாள். வெளியே போ.” தொப்பியை எடுத்துக்கொண்டு அந்த மழையில் இறங்கினார்.

அன்றிலிருந்து அவருக்கு வண்டிக் கொட்டகை வீடு, ஜன்னல்தான் அலுவலகம். மாடியில் படுக்கையறை இருக்கிறதே என்கிறீர்களா? அதுவும் அதே கூரையின் கீழ்! இந்தக் குளிர்காலத்தை நினைத்துப் பாருங்கள், நம் ஆயுளில் பார்க்காத குளிர்காலம். பால் புட்டியிலிருந்து பாலைக் கோடாலியால் வெட்டி எடுத்தோம். என் தபால் பையில் கடிதங்கள் ஒன்றையொன்று கட்டிப்பிடித்துக்கொண்டன. கில்பர்ட் ஜன்னலோரம் அசையாமல் நின்றார், நின்றார், பள்ளிப் பிள்ளைகள் வந்து, பனி பொம்மை என்று நினைத்து, அவர் மூக்கின்மேல் ஒரு கேரட்டைச் செருகிவிட்டுப் போனார்கள். அவர் வாயைத் திறந்து “நன்றி, கண்ணுங்களா” என்றதும் அந்தப் பிள்ளைகள் ஓடிய ஓட்டம், பிரிஸ்டலில்தான் நின்றது.

சிரிக்கிறீர்கள். டார்கஸ் சிரிக்கவில்லை. எட்டு மாதம் தனியாகப் பீப்பாய் உருட்டியவள் அவள். எட்டு மாதம் கண்ணாடி வழியாகக் கணவனைப் பார்த்தவள் அவள். அவள் கோபம் நியாயம். நானும் அவள் பக்கம்தான். ஆகவேதான் இன்று காலை ஆறு மணிக்கு, ஒரு ஜாடி டீயோடு வண்டிக் கொட்டகைக்குப் போனேன். மாப்பிள்ளை சவரம் செய்துகொண்டிருந்தார்.

“மாப்ள, இன்னும் நாலு மாசம்தான் பாக்கி. ஊரே மன்னிச்சாச்சு. மன்னிக்கிற அதிகாரமும் உங்ககிட்டதான் இருக்கு. ஒரு வார்த்தை சொல்லிட்டு உள்ள போங்களேன்.”

“தனக்குத் தானே மன்னிப்புக் குடுத்துக்கறவன் முதலாளியா மச்சான்? அவன் திருடன்.”

“வீம்பு பெருசா, பொண்டாட்டி பெருசா?”

சவரக்கத்தி நின்றது. “வீம்புன்னு யார் சொன்னா? மச்சான், உங்க அப்பாவை மறந்துட்டீங்களா?”

அன்பர்களே, எங்கள் தந்தை ஈனாக் லீச்சை உங்களில் பலருக்குத் தெரியும். ஒன்பது வருடத்துக்கு முன்னால் ஓர் ஆகஸ்டு மாதம், எண்பத்திரண்டு வயதில், இந்தக் கடைக்குள் நுழைந்து கோட்டைக் கழற்றி, “என்ன புழுக்கம்டா சாமி” என்றார். கில்பர்ட் தன் சொந்த மாமனாரை வெளியேற்றினார். அப்பா அதே ஜன்னலுக்கு வெளியே பெஞ்சு போட்டு உட்கார்ந்தார். கெடு முடியப் பதினோரு நாள் இருக்கும்போது, ஒரு காலையில் அவர் எழுந்திருக்கவில்லை.

“பதினோரு நாள் மச்சான். ‘உள்ள வாங்க மாமா’ன்னு ஒரு வார்த்தை. சொல்லியிருக்கலாம். சட்டம்னு சொல்லிட்டேன். வெளியிலேயே விட்டுட்டேன் அவரை. இன்னிக்கு எனக்குன்னு வரும்போது அதே சட்டத்தை மடிச்சுப் பையில போட்டுக்கிட்டு உள்ள போய், டார்கஸ் பக்கத்துல உக்காந்தா, அந்தச் சோறு எறங்குமா?”

டார்கஸ், நீ திரும்ப வேண்டாம். இது உனக்குத் தெரியாது என்று எனக்குத் தெரியும். எனக்கும் இன்று காலைவரை தெரியாது. மாப்பிள்ளை, நீங்களும் கையை ஆட்டி என்னை நிறுத்தாதீர்கள். ஊர் முன்னால் சொன்னதற்கு அப்புறம் என்னை அடித்துக்கொள்ளலாம். ஏனென்றால் உங்கள் இருவருக்குமே தெரியாத ஒன்று எனக்குத் தெரியும்!

நான் தபால்காரன். அந்த ஜன்னலைத் தினமும் இரண்டு தடவை கடந்தவன். அப்பா அந்தப் பெஞ்சில் எப்படி இருந்தார் என்று நான் பார்த்தேன். யோசியுங்கள்: வானிலையைப் பேச வேண்டுமானால் எல்லாரும் எங்கே வரவேண்டும்? வெளியே. வெளியே யார் இருக்கிறார்? ஈனாக்! ஒருவர் வந்து “காத்து திரும்பிடுச்சு ஈனாக்” என்பார். அவர் போனதும் அடுத்தவர், “நாளைக்குத் தூறும்ங்கறீங்க?” என்பார். வரிசை, ஐயா, வரிசை! எங்கள் அம்மா போனபின் வீட்டில் சுவரோடு பேசிக்கொண்டிருந்த மனிதர், அந்த ஒரு வருடத்தில் பேசிய பேச்சு முந்தைய எண்பத்திரண்டு வருடத்துப் பேச்சைவிட அதிகம். அவருக்கு அது தண்டனையா? மந்திரி பதவி! கடைசி வாரம் என்னை இழுத்து உட்கார வைத்துச் சொன்னார்:

“டேய் ஆம்ப்ரோஸ், நாள் நெருங்குதுடா. கில்பர்ட் நல்லவன், பாவம் பாத்து முன்னாடியே உள்ள கூப்பிட்டுத் தொலைச்சுடப் போறான். உள்ள போனா எங்கிட்ட யார்டா மேகத்தைப் பத்திப் பேசுவா? நான் ஒண்ணு முடிவு பண்ணிட்டேன். உள்ள கால் வெச்ச அடுத்த நிமிஷம் மறுபடியும் ஏதாவது சொல்லி மாட்டிக்கப்போறேன்.”

மாப்பிள்ளை, கேட்டீர்களா? நீங்கள் ‘உள்ளே வாங்க’ என்று சொல்லிவிடுவீர்களோ என்றுதான் அந்த மனிதர் பயந்தார்!

இதை ஏன் எட்டு வருடம் சொல்லாமல் வைத்திருந்தேன் என்று கேட்பீர்கள். யாரும் கேட்கவில்லை. நாம் யார்? நெஞ்சில் ஒரு கல்லை வைத்துக்கொண்டு, “பரவாயில்லை, சமாளிக்கிறேன்” என்று சொல்கிற ஜனம். துக்கம் விசாரிக்கப் போனால் என்ன சொல்கிறோம்? “இன்னிக்காவது மழை விட்டுச்சே” என்கிறோம். மகன் ரயிலேறிப் போகும்போது என்ன சொல்கிறோம்? “அங்க குளிரும், கோட்டைப் போட்டுக்க” என்கிறோம். இருபது வயதில் கில்பர்ட் இந்த முற்றத்தில் என் தங்கையிடம் வந்து, காது சிவக்க, முதன்முதலில் சொன்ன வார்த்தை என்ன? நான் ஒட்டுக்கேட்டேன். “காத்து அதிகமா இருக்கு, இந்தப் பக்கமா நில்லு.” அது காற்றைப் பற்றியா? தாய்மார்களே, நீங்கள் சொல்லுங்கள், அது காற்றைப் பற்றிய பேச்சா? சொட்டச் சொட்ட நனைந்து வந்த ஒரு பெண்ணிடம் ‘நல்ல மழையா’ என்று கேட்டாரே, அது மழையைப் பற்றியா? ‘உள்ளே வா, உட்கார், இனி உனக்கு ஒன்றுமில்லை’ என்று சொல்ல நமக்கு வேறு சொல் ஏது? அன்பைச் சொல்லக் கூச்சம், ஆறுதல் சொல்லக் கூச்சம், அழக் கூச்சம். ஆண்டவன் பார்த்தான், இந்த ஜனம் ஊமையாகிவிடுமே என்று நமக்கு நாளுக்கு நாலு வானிலை கொடுத்தான்! வெயிலாகக் கொடுத்தான், மழையாகக் கொடுத்தான், மூட்டமாகக் கொடுத்தான், நாலாவதாக, இது என்னவென்றே தெரியாத ஒன்றையும் கொடுத்தான்! அதை எடுத்துக்கொண்டு மிச்சத்தைச் சொல்லாமல் சொல்கிறோம். ஒபதாயா எண்பது வருடமாக நம் வாயிலிருந்து பறித்தது வானிலையை அல்ல, அன்பர்களே. நம் வாயிலிருந்து அவர் பறித்தது…

டார்கஸ்? அம்மா, எங்கே எழுந்து போகிறாய்? நான் இன்னும் முடிக்கவில்லை. உச்சியில் நிற்கிறேனே!

வழி விடுங்கள். இறங்குகிறாள். பெட்டியை எடுக்கவில்லை. பின்வரிசைக்குத் தெரியாது, நான் சொல்கிறேன். முற்றத்தைக் கடக்கிறாள். கடைக் கதவைத் திறக்கிறாள். உள்ளே போய்விட்டாள். மாப்பிள்ளை ஜன்னலைப் பிடித்துக்கொண்டு உள்ளே பார்க்கிறார். சத்தம் போடாதீர்கள். அந்த நாயை யாராவது பிடியுங்கள். கவுண்டருக்கு நேரே, உத்தரத்துக்கு நேர்கீழே நிற்கிறாள். நிமிர்ந்து அந்த வரியைப் பார்க்கிறாள்.

“என்னய்யா வெயில் இது! வெண்ணெய் உருகி ஓடுது!”

கேட்டீர்களா? எல்லாரும் கேட்டீர்களா? என் தங்கை! ஈனாக் லீச்சின் மகள்!

அமைதி, அமைதி. தீர்ப்புச் சொல்ல வேண்டியவர் முதலாளி. முதலாளி பேசட்டும். பேசுங்கள் மாப்பிள்ளை, உதடு மட்டும் ஆடினால் போதாது.

“டார்கஸ் டக்வெல்.” மெதுவாகச் சொல்கிறார். பின்வரிசைக்காக நான் திருப்பிச் சொல்கிறேன். “ஒரு வருஷம். ஒரு நாள்.” சொல்லுங்கள், சொல்லுங்கள். “வெளியே வா, டார்கஸ்.”

“வந்துட்டேன்யா. கத்தாதே.”

வந்துவிட்டாள்! பெஞ்சை இழுக்கிறாள். அப்பாவின் பெஞ்சு. நின்றிருந்த மாப்பிள்ளை அதன் நட்டநடுவில் உட்கார்ந்துவிட்டார். “தள்ளி உக்காரு, எட்டு மாசமா முழுப் பெஞ்சும் உனக்கேன்னு பழகிட்டியா?” என்கிறாள். தள்ளி உட்கார்கிறார். பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். மணி நாலு இருபத்தாறு! ஊதுங்கள், அடியுங்கள், கையில் கிடைத்ததை எல்லாம் தட்டுங்கள்! அம்மா, அது என் தலை!

இது என்ன, கடை வாசலில் கூட்டம்? ஓ. ஓகோ! மில்காரர் உள்ளே போகிறார். “அடேயப்பா, என்ன அனல்!” வெளியே வருகிறார். பின்னல் போடும் தாய்மார்கள் இருவர் கைகோத்துப் போகிறார்கள். “ராத்திரி இடி இடிக்கும்!” “இடிக்காது, பனிதான்!” வெளியே வருகிறார்கள். ஊரே உள்ளே போய்க் குற்றம் செய்துவிட்டு வெளியே வருகிறது! மாப்பிள்ளைக்கு ஒரு வருடம் ஒரு நாள் என்று சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிவிட்டது. நாற்பது பேர் ஒரே நேரத்தில் சட்டம் மீறப் போகிறார்கள், அதற்கும் எவ்வளவு ஒழுங்கான வரிசை பாருங்கள்! “நீங்க முதல்ல.” “இல்லீங்க, நீங்கதான் முன்னாடி வந்தீங்க.” இதற்குத்தான் நான் இந்த நாட்டில் பிறந்தேன்.

பேருந்து வந்துவிட்டது. ஓட்டுநர் ஹாரேஸ் எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்குகிறார். “வெஸ்டன் போறவங்க யாராவது உண்டா?” ஒருவரும் இல்லை. வெளியூர் அன்பர்களே வரிசையில் நிற்கிறார்கள். ஹாரேஸும் போய் நின்றுவிட்டார்.

ஒரு சின்னச் சிக்கல். எல்லாரும் வெளியே வந்துவிட்டால் பன்றித் தொடையை யார் எடுத்து வருவது? பீப்பாயை யார் உருட்டி வருவது? உள்ளே போக உரிமையுள்ளவர் இந்த ஊரில் இனி யார் மிச்சம்? அங்கே நிழலில் எலுமிச்சைச் சாற்றோடு உட்கார்ந்திருக்கிறாரே, நாற்பது வருடமாக மதுவுக்கு எதிராகப் பிரசங்கம் செய்து, ஒரு சொட்டும் தொடாமல், இந்த வாசலைக் கனவிலும் மிதிக்காத நம் சேப்பல் போதகர் வில்ஃப்ரட் ஆடி! ஐயா, தலையில் கை வைக்காதீர்கள். இன்று முதல் ஒரு வருடம் ஒரு நாள், இந்த ஊரின் தாகம் உங்கள் தோளில். எழுந்துவிட்டார். சட்டைக் கையை மடிக்கிறார். “நான் ஊத்த மாட்டேன். உருட்டிக்கிட்டு மட்டும் வருவேன்” என்கிறார். அது போதும் ஐயா, தேவதூதர்களே அதற்கு மேல் செய்ததில்லை!

என் முன்னால் இப்போது காலி நாற்காலிகளும் இரண்டு நாய்களும்தான் இருக்கின்றன. ஆகவே முடித்துக்கொள்கிறேன். வாய்ப்பளித்த விழாக் குழுவினருக்கும், பொறுத்திருந்த பெரியோர்களுக்கும், பாதியில் மேடையை விட்டிறங்கி என் பேச்சை முடித்து வைத்த தலைவி அவர்களுக்கும் நன்றி. அந்தப் பெஞ்சில் தோளோடு தோள் உரசி உட்கார்ந்து, இப்போது வானத்தைக் காட்டி ஏதோ பேசிக்கொண்டிருக்கும் இருவருக்கும், அவர்கள் என்ன பேசுகிறார்கள் என்று ஒட்டுக்கேட்காமல், வெள்ளிவிழா வாழ்த்து. ஐயா ஹாரேஸ், உங்களுக்குப் பின்னால் நான். அனைவருக்கும் என் வணக்கம். உள்ளே போய் ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வந்து உங்களோடு உட்கார்ந்துகொள்கிறேன்.